வாசலை விடப் பெரிய மேசை

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெருவில் பாதி வீடுகளை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். அம்மாவின் வீடும் அதில் ஒன்று. அவள் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூன்று தெரு தள்ளி நல்ல வீடு கிடைத்திருந்தது. மகன் எல்லாச் சாமான்களையும் கட்டி முடித்திருந்தான். மிச்சமிருந்தது சமையலறையில் நின்ற இரும்பு மேசை ஒன்றுதான்.

சாமான் ஏற்ற வந்த மேஸ்திரி அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மேசைதானேம்மா? நாலு பேர் புடிச்சா பூ மாதிரி வந்துடும்," என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டை மடித்து அடக்கிக்கொண்டாள்.

நாலு பேர் பிடித்தார்கள். மேசை வேர் விட்ட ஆலமரம் போல நின்றது. இன்னும் நாலு பேர் சேர்ந்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி, சமையலறை வாசல் வரை கொண்டுவந்தார்கள். அங்கே முட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், காலை முதலில் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இது எப்படி உள்ள வந்துச்சு?"

"அது எங்கய்யா வந்துச்சு? இங்கதான் பொறந்துச்சு!" என்றாள் அம்மா. இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே மேசையின் கதையைச் சொன்னாள்.

அவள் புருஷனைத் தெருவே 'பட்டாளத்தார்' என்றுதான் கூப்பிடும். போரில் அவர் பாலம் போடும் படையில் இருந்தவர். 'எத்தனை பேரைச் சுட்டீங்கப்பா?' என்று பிள்ளைகள் துளைத்தெடுத்தால், 'நான் பாலம் போட்டேன்' என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். ஒரே ஒரு பாலத்தைப் பற்றி மட்டும் பெருமையாகச் சொல்வார். மூன்று லாரி தாங்கினால் போதும் என்று அதிகாரி சொன்னாராம். இவர் ஆறு லாரிக்குப் போட்டார். பின்வாங்கும் உத்தரவு வந்த அன்றைக்கு, காயம்பட்டவர்களை ஏற்றிய லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி அதன்மேல் ஏறின. பாலம் ஒரு முனகல்கூட முனகவில்லை.

திரும்பி வந்தவருக்குத் தெரிந்த தொழில் இரும்போடு இரும்பை ஒட்டுவதுதான். தெருமுனையில் வெல்டிங் கடை போட்டார். விடிந்ததும் கடை, சாயங்காலம் ஆனால் பஸ் டெப்போவில் ரிப்பேர் வேலை. தீப்பொறி பட்டுப் பட்டு அவர் சட்டைகளெல்லாம் சல்லடை. 'காத்தோட்டமா இருக்கு' என்று போட்டுக்கொண்டு போவார். உடம்புக்கு முடியாத நாளிலும் கடையைத் திறந்துவிட்டுத்தான் முடியவில்லை என்று சொல்வார்.

கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரு பழைய மர மேசை இருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அவர் முழங்கையை ஊன்றினார். மேசை மண்டி போட்டது. சாப்பாடெல்லாம் அவர் மடியில். புதுப்பெண் நடுங்கிப்போனாள். அவரோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "போர்ல இருந்தவரைக்கும் சேத்துல குந்திக்கிட்டு, எப்ப ஓடணுமோன்னு பாத்துக்கிட்டேதான் சாப்பிட்டேன். என் வீட்டுல எல்லாரும் நிம்மதியா உக்காந்து சாப்பிடணும்," என்றார்.

மறுநாளே இரும்பும் சிலிண்டரும் சமையலறைக்குள் வந்தன. கடையில் இடமில்லை, அடுத்தவர் வேலைகள் குவிந்து கிடந்தன. அவள் கூடத்தில் உட்கார்ந்து, கதவிடுக்கில் வழிந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் கூப்பிட்டுக் காட்டினார். "மூணு லாரி தாங்கும்!"

"நம்ம வீட்டுக்கு லாரியாங்க சாப்பிட வரப் போகுது?" என்றாள் அவள். புருஷனிடம் அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அவர் அசந்துபோனார். "வாய் இருக்கே உனக்கு!" என்று அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சரி, வெளிய எடுக்கணும்னா எப்படிங்க எடுக்கறது?"

"எதுக்கு எடுக்கணும்? நான் போனதெல்லாம் போதும். இனிமே நாம எங்கயும் போறதில்லை."

அந்த மேசையில்தான் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது நாலு பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பட்டாளத்தார் கரண்டியைத் துடுப்பாகப் பிடித்து, "கப்பல் கிளம்பப் போகுது, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று அதட்டினார். பயந்து அழுத சின்னவன் அழுகையை விட்டு டிக்கெட் கேட்க ஆரம்பித்தான்.

அந்தச் சின்னவன்தான் இப்போது வியர்வையைத் துடைத்தபடி நின்றான். "அம்மா, விட்டுட்டுப் போயிடலாம்மா. நான் புதுசு வாங்கித் தர்றேன்."

"வாங்குடா, வேண்டாங்கல. இதுவும் வரும்," என்றாள் அம்மா. "உங்க அக்காவைக் கூப்பிடு."

அப்பா காலமான பிறகு கடையை நடத்துவது மகள்தான். கண்ணாடியும் கட்டருமாக வந்தாள். தரையில் படுத்து மேசைக்கு அடியில் புகுந்தாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டுப் பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவள் ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, தூங்கிட்டியா?"

"அப்பா ஒட்டு வெச்சிருக்கறதைப் பாரும்மா. சங்கிலி பின்னின மாதிரி. இதை வெட்ட எனக்குக் கை வராது."

"மேசையை ஏண்டி வெட்டணும்? ஜன்னலை வெட்டு."

"அந்தக் கம்பியும் அப்பா வெச்சதுதானே?"

"அது திருடனுக்காக வெச்சது. இது நமக்காக வெச்சது."

இடிக்கப் போகிற வீடு, யாரைக் கேட்க வேண்டும்? மகள் வாசலை விட அகலமான சமையலறை ஜன்னலுக்குப் போனாள். ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்றை அறுத்தால் பின்னால் இன்னொன்று. "ஐயோ அப்பா! வீட்டுல என்ன புதையலா வெச்சிருந்தீங்க?" என்று அவள் திட்டத் திட்ட, வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்துத் தையல்காரர் வந்தார். "என் கடைக்கு ஒரு ஸ்டூல் செஞ்சு குடுத்தாரும்மா. அதை நகர்த்தறதுக்குப் பதிலா மிஷினைத்தான் நகர்த்திக்கிறேன்," என்றார். தெருவே சிரித்தது.

கம்பி கழன்றது. கயிறு கட்டி, எட்டுப் பேரும் தையல்காரரும் மகனும் சேர்ந்து இழுத்து, மேசையை ஜன்னல் வழியாகத் தெருவில் இறக்கினார்கள். இனி லாரியில் ஏற்ற வேண்டும். முன்கால்களை வைத்ததுமே லாரியின் பலகை கிரீச்சென்று கத்தியது. மேஸ்திரி பாய்ந்து தடுத்தார்.

"மூணு லாரி தாங்கற மேசைன்னு சொன்னீங்களேம்மா. இந்த மேசையைத் தாங்கற லாரி என்கிட்ட இல்லையே!"

அப்புறம் என்ன, தூக்கிக்கொண்டே போவதென்று முடிவாயிற்று. முன்னால் மகன், பின்னால் மேஸ்திரி, நடுவில் யார் யாரோ. பெரிய சாலையின் நடுவே கை சோர்ந்து இறக்கிவைத்தபோது ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி வந்து திட்ட வாயெடுத்தவர், அம்மாவைப் பார்த்ததும் நின்றார்.

"பட்டாளத்தார் வீட்டம்மா இல்ல? டெப்போவுல என் வண்டியை அவர்தான் பாப்பார். அவர் ஒட்டின பம்பர் இன்னும் அப்படியே இருக்கு, பாருங்க." பயணிகளிடம் திரும்பி, "எல்லாரும் இறங்கி ஒரு கை குடுங்கப்பா, இல்லைன்னா வண்டி நகராது!" என்று கத்தினார். ஆளாளுக்கு ஒரு பிடி பிடித்ததில் மேசை மீதித் தூரத்தைப் பறந்தே கடந்தது.

புது வீட்டு வாசலை யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை. முன்கட்டில் கூரைக்கு அடியில் இறக்கி வைத்தார்கள். அம்மா இருக்கிறதைக் கிளறி, கடையில் வாங்கியதையும் சேர்த்து எல்லாருக்கும் பரிமாறினாள். மேஸ்திரி முழங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டு சாப்பிட்டார். மகளும் தையல்காரரும் இடிபடவிருக்கும் தையல்கடையின் ஸ்டூலை யார் தூக்கி வருவது என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை பேரைப் பார்த்தால் அந்த மனுஷன் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு எப்படி ஓடியாடிப் பரிமாறுவார் என்று அம்மா நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது. அவர் பரிமாறினால் பாதி சாப்பாடு தரையில்தான் இருக்கும்.

எல்லாரும் போன பிறகு பார்த்தாள். மேசையை விட்டுவிட்டுப் போகலாம் என்ற பிள்ளை, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன்மேலேயே மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மற்ற நாளாயிருந்தால் காதைத் திருகியிருப்பாள். இன்று அவன் தலைமாட்டில் இருந்த தட்டுகளை மட்டும் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.