உள்தாழ்ப்பாள்

கடைக்காரர் தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "கதவுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா பாப்பா?" என்று கேட்டதும் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பதினேழு வயசுப் பெண் ஒரு தாழ்ப்பாள் வாங்க இப்படி வியர்ப்பானேன் என்று அவர் நினைத்திருப்பார். "உள்பக்கம்," என்று சொல்லிவிட்டுத் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அவர்கள் வீட்டில் வாசல் கதவைத் தவிர எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. அப்பா போய்ச் சேர்ந்த கையோடு அம்மா திருப்புளியை எடுத்து அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டாள். குளியலறைக்குள் போனால் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் ஆள் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். மாடிவீட்டு அக்கா இதைச் சங்கீதக் குடும்பம் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் இவளுக்காகத்தான். சின்ன வயதில் அப்பா அம்மாவை அடிக்கும்போதெல்லாம் இவள் அறைக்குள் கிடப்பாள். வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கும். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிடும். யாரும் திறக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் கேட்ட சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

போன வாரம் செவிலியர் பயிற்சி விடுதியில் சேர்ந்தாள். அறைத்தோழி கதவைத் தாழிட்டதுதான் தாமதம், இவள் பெட்டியோடு வராந்தாவில் நின்றாள். அங்கிருந்து நேரே வீடு. திங்கட்கிழமைக்குள் திரும்பாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அம்மா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. இந்த வீட்டுக்குள்ளேயே பாடிப் பாடிக் கிழவியாகிவிடுவோமோ என்று பயந்தாள்.

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து வருவதற்குள் தாழ்ப்பாளைப் பொருத்தி, குளியலறைக்குள் போய் இழுத்துப் போட்டாள். பாடவில்லை. ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிப் பார்த்த அம்மா திடுக்கிட்டது இங்கேயே தெரிந்தது.

"என்னடி இது? தாப்பாவா போட்டிருக்க?"

"கொஞ்ச நேரம்மா. பழகிக்கிறேன்."

"வேண்டாம்டி. தொற."

"பூட்டி வச்ச மனுஷன்தான் செத்துட்டாரே. இன்னும் எதுக்கும்மா பயப்படணும்?"

கதவில் ஏதோ உரசிக்கொண்டே கீழே இறங்கியது.

"அவரு போடலடி." குரல் கதவின் அடியிலிருந்து வந்தது, அம்மாவும் உட்கார்ந்துவிட்டாள் போல. "நான்தான் போடுவேன். நீ நடுவுல வந்து விழுவ. உனக்கும் அடி விழும்னுதான்... நீ கத்துறது கேக்கும். கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

இத்தனை வருஷம் செத்த மனிதர் மேல் கொட்டிவந்த வெறுப்பை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி அறையவும் தோன்றியது. இரண்டுக்குமே கதவைத் திறந்தாக வேண்டும்.

"தொற கண்ணு. தொறந்துடு. அம்மாவால முடியலடி."

அம்மா உள்ளங்கையால் கதவைத் தட்டத் தொடங்கினாள். முதலில் மெல்ல. பிறகு இரண்டு கையாலும்.

இவள் எழுந்து தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் புதுத் திருகாணிகளைச் சுற்றி மரத்தூள் உதிர்ந்து, அவளுடைய ஈரக் கால்விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.