மூன்றாவது எண்

ஒன்பதாம் எண் நோயாளிக்குக் காலை பத்து மணிக்கு மருந்தின் அளவைக் கூட்டுவதாக ஏற்பாடு. கூட்டச் சொன்ன அறிக்கை என்னுடையது. அது தப்பு என்று தெரிந்தபோது மணி பத்து ஐந்து.

எங்கள் அலுவலகம் கொல்கத்தா டாலிகஞ்சில். புது மருந்துகளைப் பரிசோதிக்கும் மருத்துவமனைகளுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறோம். காலை, மதியம், இரவு என்று மூன்று முறை ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். சராசரி குறைந்தால் அளவைக் கூட்டுவார்கள். மிஞ்சினால் சிறுநீரகம் போய்விடும்.

எதிர் மேஜை சாய் கிருஷ்ணாதான் கேட்டான்.

"வைஷாலி, ஒன்பதுக்குச் சராசரி ஆறுன்னு போட்டிருக்கே. காலை எண்ணும் ஆறுதானே?"

ஆறு, பதினான்கு, இருபத்திரண்டு. சராசரி பதினான்கு வர வேண்டும்.

நாங்கள் கணக்குப் போடும் ஆர் (R) என்ற கணினி மொழியில் கூட்டல் கட்டளைக்கு எண்களை உதிரியாகக் கொடுக்கலாம், எல்லாவற்றையும் கூட்டிவிடும். அந்தப் பழக்கத்தில் சராசரிக் கட்டளைக்கும் உதிரியாகக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். அதற்கு மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் எண்ணையே சராசரி என்று நீட்டும். மற்ற இரண்டும் என்ன ஆயின என்று வாயே திறக்காது. சிவப்பில் ஒரு வரி காட்டியிருந்தால் அதற்கு என்ன குறைந்திருக்கும்? மற்ற நோயாளிகளுக்கு மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஒன்பதாம் எண் இருக்கும் ஹவுரா மருத்துவமனை வார்டுக்குப் போன் செய்தேன். நான்காவது முறைதான் நர்ஸ் எடுத்தார். பத்து மணிக்கே சொட்டு மருந்து ஏற்ற ஆரம்பித்தாகிவிட்டதாம். தெரிந்த வங்க மொழியில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்தினார்கள். ஆனால் கால்வாசி உள்ளே போயிருந்தது.

"யாரு அந்த ஒன்பது?" என்றான் சாய்.

"பேர் தெரியாது. பத்தொன்பது வயசுப் பொண்ணு. அவ்வளவுதான் நமக்குத் தருவாங்க."

அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துச் சொல்வதாக டாக்டர் சொன்னார். முதலில் இருபத்து நான்கு. அடுத்து இருபத்தொன்பது. கணினியைத் தொடப் பயந்து பேனாவால் எழுதினேன்.

"மூணாவது இறங்கினா பயமில்லைன்னு சொன்னாரு," என்றேன்.

நேற்று என் கணக்கில் மூன்றாவது எண்ணைக் காணோம் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்று அதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.