ஐஸில் கிடந்த விரால்

எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரம் என் வாயில் ஆரம்பித்து என் வாயிலேயேதான் முடிந்தது.

எழுபத்து நாலாம் வருஷம். காக்களூர் பக்கம் ஒரு பம்பு கம்பெனி. என் வீட்டுக்காரர் பாக்கியநாதனும் இன்னும் நாற்பது பேரும் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சோறு பொங்குவது நான். பந்தலில் சாயங்காலம் பேசுவதெல்லாம் மறுநாள் காலையிலேயே மேனேஜருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே மூன்று பேருக்குச் சீட்டு கிழிந்தது. இன்னும் இரண்டு பேர் போனால் மற்றவர்கள் பயந்து உள்ளே போய்விடுவார்கள், ஸ்டிரைக் அவ்வளவுதான்.

காட்டிக்கொடுக்கிற கருங்காலி யார்? எனக்குச் சின்னராசு மேல் சந்தேகம். அவன் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடமாட்டான். சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு நாள் பந்தலில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"இங்க குந்தி துன்னா இன்னா ஆவும்? தூக்க எடுத்துக்கினு எந்த பங்களாவுக்குப் போற?"

அவன் தூக்கோடு நகரப் பார்த்தான். நாலு பேர் எழுந்தார்கள். அடி பலமாகவே விழுந்தது. அதற்குப் பிறகு அவன் பந்தல் பக்கம் வரவில்லை. "சரியா கேட்ட ஞானம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்து நாள் கழித்து அவர் ஒரு சாக்கோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே நாலு விரால், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.

"ஏது?"

"ஏரில தூண்டி போட்டேன். இப்பதான் புட்ச்சிக்கினு வரேன். நம்ம ஆளுங்களுக்கு ஒரு நாளாவது நல்லா ஆக்கிப் போடு."

எனக்கு வாயெல்லாம் பல். புளியை ஊறப்போட்டேன். மாங்காய் நறுக்கினேன். நாலு மீனை நாற்பது பேருக்குக் காட்ட வேண்டுமே, அரிசியை வறுத்துப் பொடித்து வைத்தேன். அதைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கரண்டி நிற்கிற கெட்டிக்கு வரும், வயிறும் நிறையும். பிறகு வழவழப்புப் போகத் தேய்க்கச் சாம்பலும் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தேன்.

நான் சோழவரம் ஏரிக்கரையில் பிறந்தவள். விரால் லேசில் சாகாது. ஈரச் சாக்கில் அரை நாள் உயிரோடு கிடக்கும். சாம்பல் பட்டதும் துள்ளி முகத்தில் அறையும். சந்தையில்கூடத் தண்ணீர்ப் பானையில் விட்டுத்தான் விற்பார்கள். செத்த விராலை எங்கள் பக்கம் யாரும் சீந்தமாட்டார்கள். இவை நாலும் கட்டையாகக் கிடந்தன. தொட்டால் சில்லென்றது. பங்குனி வெயிலில் ஏரித் தண்ணீரே சுடும். வாயைப் பிளந்து பார்த்தேன், ஒன்றிலும் தூண்டில் முள் குத்திய ஓட்டை இல்லை. வயிற்றைக் கீறினேன். குடலோடு ஐஸ் நறநறவென்று வந்தது.

என் கை நின்றுபோனது.

ஏரியை ஏலம் எடுத்தவர் மேனேஜருக்கு வாரா வாரம் விரால் அனுப்புவது ஊருக்கே தெரியும். மேனேஜர் பங்களாவுக்கு பிரிட்ஜ் வந்தபோது இறக்கி வைத்த ஆட்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வேறு யார் விராலை ஐஸில் வைப்பார்கள்? இவர் ஏரி குளம் இல்லாத மேட்டுக்காட்டு ஊர்க்காரர். செத்த மீனுக்கும் உயிர் மீனுக்கும் இவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. யாரோ கொடுத்ததை வெட்கத்தில் தூண்டில் என்று சொல்லியிருப்பார் என்று கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

உள்ளே போய்க் கேட்டேன். "தூண்டிக்கு இன்னா எரை வெச்ச?"

"மாவுதான்."

"வெராலுக்குத் தவள கட்டுவாங்க. தூண்டி எங்க?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"பேஜாரு பண்ணாத ஞானம். என்ன மட்டும் பர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் சொல்லிகிறாரு. நம்ம பொண்ணுக்கோசரந்தான்."

"அந்த மூணு பேரு ஊட்ல பொண்ணு இல்லியா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் குழம்பைக் கூட்டினேன். மீன் என்ன பாவம் செய்தது? அந்த நாற்பது பேரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு இருபது நாளாகிறது.

பந்தலுக்குப் போகும் வழியில் சின்னராசு வீட்டு வாசலில் நின்றேன். மூன்று பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. என் தலையில் இருந்த குண்டானைத்தான் பார்த்தன. தூக்குச் சோறு எங்கே போனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எங்கூட பந்தலுக்கு வா சின்னராசு."

"எதுக்குக்கா? மறுபடியும் அடி வாங்கவா?"

"வா. தூக்கையும் எடுத்துக்க."

எல்லாரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னாலேயே போய் என் வீட்டுக்காரரும் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி என்ன பிரயோஜனம்.

சின்னராசுவையும் தட்டோடு உட்காரவைத்து, பெரிய தலையாக எடுத்து முதலில் அவன் தட்டில் வைத்தேன்.

"உம்மேல அபாண்டமா சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன். அதனால இதையும் எல்லாருக்கும் முன்னாடியே சொல்றேன். இது மேனேஜர் ஊட்டு பிரிட்ஜில இருந்த மீனு. வாங்கியாந்த ஆளு தோ, எம் புருசன்."

யாரும் எழவில்லை. சின்னராசு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தூக்கை என் பக்கம் நகர்த்தினான்.

"பசங்களுக்குக் கொஞ்சம் ஊத்துக்கா."

ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தபோது பாக்கியநாதன் உட்கார்ந்திருந்த இடத்தில் தட்டு மட்டும் இருந்தது. அது எங்கள் வீட்டுத் தட்டு. மற்ற பாத்திரங்களோடு அதையும் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.