வளைவில் நின்ற சிவப்பு

கரடியக்கா என்ற பட்டப்பெயர் அவளுக்கு ஒரு கல்லால் வந்தது. போன கோடையில் எதிர்ச் சரிவில் கரடி படுத்திருக்கிறது என்று அவள் கை நீட்டிக் காட்ட, தேசியப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வந்த பஸ் ஜனம் மொத்தமும் இறங்கி நின்று பார்த்தது. மழை வந்தது. நனைந்துகொண்டே பார்த்தார்கள். கரடி அசையவில்லை. மழை கழுவிவிட்டு வெயில் அடித்தபோது அது பளபளவென்று மின்னியது. கரடி எங்கேயாவது மின்னுமா? பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அந்த ரோட்டில் மிச்சம் இருக்கிறது.

அவளுக்கு வேலை மலை ரோட்டு வளைவில் நின்று கொடி பிடிப்பது. குளிர்காலம் முழுக்க மலை மேல் கிடக்கும் பனி, கோடை தொடங்கும்போது உருகும். உருகும்போது தான் பிடித்து வைத்திருந்த கற்களையெல்லாம் கைவிட்டுவிடும். அவை ரோட்டில் வந்து விழும். அதை உடைத்து அகற்றுவதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. அவளுடைய கூடப்பிறந்த தம்பி அதற்கு மேஸ்திரி. அவள் புருஷன் வெடி வைக்கிறவர். எல்லாரும் கீழே கல் குவாரியில் உடம்பை உடைத்து வளர்ந்தவர்கள். அவளும் அங்கே சம்மட்டி பிடித்தவள்தான். முதுகெலும்பு ஒரு நாள் "போதும்" என்று சொன்ன பிறகு கையில் கொடியைக் கொடுத்தார்கள்.

வளைவில் நாள் முழுக்க நிற்கிறவள் எதைப் பார்ப்பாள்? முதல் வருஷம் ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் என்ன இருக்கிறது, தார் இருக்கிறது. அப்புறம் தலையைத் தூக்கினாள். புல் முளைத்த சரிவில் கரடி ஒன்று மாடு மாதிரி குனிந்து மேய்வதைப் பார்த்தபோது வாய் பிளந்தது. கரடி புல் தின்னும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? குட்டிகள் இரண்டும் தாயின் முதுகில் ஏறுவதும், அது சலித்துப்போய் ஒரு அறை விடுவதும் பார்க்கப் பார்க்கத் தன் வீட்டுக் கூத்து போலவே இருந்தது. கழுகு, நரி, ஓடைக்கு வரும் மான். விடியற்காலை வேலைக்கு முன்னாலேயே வளைவுக்கு வந்துவிடுவாள். வேடிக்கை பார்க்க வருகிற மற்றவர்களும் வருவார்கள். அவர்களில் தினமும் தவறாதவர் ஓய்வுபெற்ற தையல்காரர். ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கெட்ட கண்ணை, பெரிய தொலைநோக்கி ஒன்று வாங்கிச் சரிக்கட்டியிருந்தார். "கிட்டத்துல இருக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டியத் தவிர எல்லாத்தையும் நல்லாப் பாப்பேன்" என்பார்.

கல் கரடிக்குப் பிறகு, பூங்காவின் காவலர் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். அவளை எல்லாரும் கார்டம்மா என்பார்கள். புதுசாக ஏதாவது கண்ணில் பட்டால் கத்தக் கூடாது, கை நீட்டக் கூடாது. கார்டம்மாவின் காதில் மட்டும் இடத்தைச் சொல்ல வேண்டும். பிறகு வேறு இரண்டு பேர், யார் உதவியும் இல்லாமல், தாங்களே தேடிக் கண்டுபிடித்து அவள் காதில் சொல்ல வேண்டும். மூன்று பேர் சொன்ன இடமும் ஒன்றாக இருந்தால்தான் அது விலங்கு. இல்லாவிட்டால் கல். மூன்றும் பொருந்திவிட்டால், அந்தச் சரிவில் அன்றைக்கு எந்த வேலையும் நடக்காதபடி நிறுத்தும் அதிகாரம் கார்டம்மாவுக்கு உண்டு.

இன்று, வளைவுக்குச் சற்று மேலே ரோட்டை மறித்துக் கிடந்த பாறைக்கு வெடி வைக்கிற நாள். வீடு அளவு பாறை. துளைகளை முன்பே வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கோடையின் முதல் பஸ்கள் மேலே போக வேண்டும்.

அந்தப் பாறைக்கு நேர் மேலே, பத்து ஆள் உயரத்தில் ஒரு திட்டு. அதன் இடுக்கில் நேற்று விடியும்போது ஒரு மலையாடு நின்று எதையோ நக்கிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். நக்கியது ஒரு குட்டியை. பிறந்து ஈரம் காயாத குட்டி. இன்று காலை தாய் மேலே புல்லுக்குப் போய்விட்டது. குட்டி இடுக்கில் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. தாய் வரும்வரை அசையாது, அதுதான் அதன் பாதுகாப்பு. ஏறிப் போய்ப் பார்க்கலாம் என்றால், சரிவு முழுக்க ஈரமும் உதிரிக் கல்லும். ஆள் வாடை பட்டுக் குட்டி துள்ளினால் நேரே பள்ளம்தான்.

நேற்று கார்டம்மா வளைவுப் பக்கம் வரவில்லை; இன்று வந்ததும் அவள் காதில் சொன்னாள். தையல்காரர் தன் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்து வெகுநேரம் தேடிவிட்டு, அவரும் போய்ச் சொன்னார். கார்டம்மா முகம் மலர்ந்தது. "ரெண்டும் பொருந்துது, மலையாடுதான். இன்னும் ஒரு ஆள்."

இன்னும் ஒரு ஆளுக்கு எங்கே போவது? வண்டிகளையெல்லாம் கீழேயே நிறுத்தியாகிவிட்டது, கல் உடைக்கிற ஆட்களும் மேல் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். வளைவில் மிச்சம் இருந்தது மேஸ்திரியும் வெடிக்காரரும்தான்.

மேஸ்திரி எச்சில் துப்புகிற நேரத்துக்கு மட்டும் தொலைநோக்கியில் கண் வைத்து எடுத்தான். "கல்லு. அந்தாண்டயும் கல்லு, இந்தாண்டயும் கல்லு. அக்கா, போன வருஷம் கரடி, இந்த வருஷம் ஆடா? வருஷா வருஷம் உருப்படி சின்னதாகிட்டே போகுதே."

"நீ ஒழுங்காப் பாத்தியாடா?"

"ஒழுங்காப் பாத்து என்ன பண்ண? பஸ் நாளைக்கு வருது. மேல இருக்கிறவன் என் கழுத்தில கால வச்சுக் கேக்கிறான். நீயா போய்ப் பதில் சொல்லுவ?"

"எல்லாருக்கும் நீ மேஸ்திரி. எனக்கு மூக்கு ஒழுகினவன். போய் உன் மாமாவக் கூப்பிடு."

வெடிக்காரர் வந்தார். கையில் ஒட்டியிருந்த தூசியைக் காக்கிக் கால்சட்டையில் துடைத்தார். தினமும் விடியலில் எழுந்து ஓடும் பெண்டாட்டியைப் பார்த்து, "மலையை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? நின்னு காவல் காக்கிறே" என்று கேலி பேசுகிற மனுஷன். முந்தின ராத்திரி ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சொன்னால் வழக்கம் கெட்டது. வழக்கம் கெட்டால் அவள் பேச்சும் கல் கரடியாகிவிடும்.

அவர் குனிந்து கண்ணை வைத்தார். அவள் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலில் கருத்து, கோடு கோடாக வெடித்த பிடரி. அவளுக்கு இரண்டு பயம். பார்க்க முடியவில்லை என்பாரோ என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம், பெண்டாட்டி முகம் வாடக் கூடாது என்று, பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்லிவிடுவாரோ என்பது. சொல்லிவிட்டு ஏதாவது ஒரு மூலையைக் காதில் ஓதினால், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சொன்ன கூட்டுப் பொய் என்றாகி, தையல்காரர் சொன்ன உண்மையும் அதோடு நாறும்.

அவர் நிதானமாகப் பார்த்தார். சரிவை மேலிருந்து கீழாக, கல் கல்லாகப் பார்த்தார். மூக்கு நுனியில் வியர்வை நின்றது. நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

அவள் முகத்தில் சூடு ஏறியது. திட்ட வாய் வந்தது, திட்டவும் முடியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவனை என்ன என்று திட்டுவது?

கார்டம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு பேர்தான். நான் நிறுத்த முடியாதுக்கா. எனக்கும் நம்பிக்கை இருக்கு, ஆனா முடியாது."

"அப்புறம் என்ன?" மேஸ்திரி கைதட்டினான். "மாமா, பாறைக்குப் போங்க. அக்கா, பச்சையக் காட்டு."

இந்தக் கூட்டத்தில் வேலை நடக்கிற விதம் இது: வெடிக்காரர் பாறைக்குப் பக்கத்தில் மூடிய வெடிமருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். மேல் வளைவிலும் கீழ் வளைவிலும் நிற்கும் கொடிக்காரர்கள் அவர் பக்கம் திரும்பிப் பச்சை காட்டினால்தான் பெட்டியைத் திறப்பார். மேல் வளைவில் பச்சை எழுந்துவிட்டது. இனி இவளுடைய கொடி.

வெடிக்காரர் நடந்து போய்ப் பெட்டி பக்கத்தில் குந்தினார். இங்கே பார்த்தார்.

அவள் இரண்டு கொடிகளையும் பார்த்தாள். கம்பு வழுவழுப்பாகிவிட்டது, அவள் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து. ஒருவேளை அது கல்லாகவே இருந்தால்? போன வருஷமும் இதே கண்தானே. தையல்காரர் கிழவர், அவரும் ஏமாந்திருக்கலாம். இதற்குமேல் இந்த ரோட்டில் அவளை யாரும் மதிக்க மாட்டார்கள். வேலையும் போகும். தம்பி என்றாலும் அவனும் கூலிக்காரன்தான், அவனை மிரட்ட மேலே ஆள் இருக்கிறான்.

ஆனால் நேற்று அந்தத் தாய் நாக்கை நீட்டி நக்கியதை அவள் பார்த்தாள். கல்லை எந்த ஆடும் நக்காது.

சிவப்பைத் தூக்கினாள்.

"அக்கா! விளையாடாத!"

"விளையாட வயசில்லடா எனக்கு."

"யாரும் இல்ல உள்ள. ஆள் இருந்தாத்தான் சிவப்பு. ஆட்டுக்கெல்லாம் சிவப்பு கிடையாது."

"இன்னைக்கு உண்டு."

மேஸ்திரி பாறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "மாமா! அது சும்மா காட்டுது. நீங்க பெட்டியத் திறங்க!"

வெடிக்காரர் எழுந்தார். பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று. பிறகு பெட்டி மேலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்து வாயில் போட்டார்.

மேஸ்திரி ஓடினான். பின்னாலேயே எல்லாரும் போனார்கள். அவள் மட்டும் கொடியைத் தூக்கியபடி வளைவில் நின்றாள். பேசுவது அங்கே வரை தெளிவாகக் கேட்டது. மலையில் சத்தத்துக்கு வேலி கிடையாது.

"மாமா, நீங்களே பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க!"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லல. எனக்குத் தெரியலைன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எனக்குக் கண்ணு தெரியாததெல்லாம் உலகத்துல இல்லைன்னு ஆயிடுமா?" வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "சிவப்பு நிக்குது. நிக்கிற வரைக்கும் நான் திறக்க மாட்டேன்."

"அது என் அக்கா! உங்க பொண்டாட்டி! போய் இறக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வீட்டுல சொல்லுவேன், கேக்க மாட்டா. இங்க சொல்லவே மாட்டேன். சிவப்பு ஏன்னு நான் கேக்கிறதில்லடா. கேட்டவன நீயும் பாத்திருக்க."

மேஸ்திரி பார்த்திருந்தான். குவாரியில் ஒரு வெடிக்காரன், சிவப்பு பிடித்தவளிடம் ஏன் என்று கேட்டு, வாதாடி, பச்சை வாங்கி வெடி விசையை அழுத்தினான். அன்று சாயங்காலம் ஓர் அறைக் கதவைக் கழற்றி அதில் ஒருத்தரைத் தூக்கிப் போனார்கள். கதவின் ஒரு மூலையைப் பிடித்தவர் இந்த மாமாதான். இன்னொரு மூலை மேஸ்திரி.

வளைவில் நின்றவள் கொடியை இன்னும் உயரப் பிடித்தாள். பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பெருமை வந்திருக்காது. தன் கண்ணில் படாத ஒன்றுக்காக, அவள் கையில் இருக்கிற துணித்துண்டை நம்பி, ஒரு மனுஷன் பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறான்.

"சரி, பஸ்ஸுக்கு என்ன வழி?" மேஸ்திரியின் குரல் இறங்கியிருந்தது. "அதைச் சொல்லுங்க. நான் பொழைக்க வேணாமா?"

வெடிக்காரர் பாறையைச் சுற்றி வந்தார். துளைகளில் விரலை விட்டுப் பார்த்தார். "துளை இருக்கு. ஆப்பு இருக்கு. சம்மட்டி இருக்கு. வெடிக்குப் பதிலா ஆள் அடிக்கட்டும். அதிராது, சிதறாது. பொளந்து ஜேசிபியால தள்ளிடலாம்."

"இதையா? இன்னைக்குள்ளயா?"

"உங்க அக்காவக் கூப்பிடு. இங்க இருக்கிற எல்லாரையும்விட அவதான் நேரா அடிப்பா."

கார்டம்மா வளைவுக்கு வந்து கொடியை வாங்கிக்கொண்டாள். சிவப்பை இறக்காமலே வாங்கினாள். கரடியக்கா நடந்து போய் சம்மட்டியை எடுத்துக் கனம் பார்த்தாள்.

"முதுகு?" என்றார் வெடிக்காரர், மெதுவாக.

"அது என் பாடு. ஆப்ப ஒழுங்கா நட்டு வைங்க, கோணல்மாணலா வச்சிட்டு அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

வரிசையாக இரும்பு ஆப்புகள் துளைகளில் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் தகடு. மேல் வளைவில் ஒதுங்கியிருந்தவர்களும் வந்து, ஆள் மாற்றி ஆள் அடித்தார்கள். ஓர் அடி இங்கே, அடுத்த அடி அடுத்த ஆப்பில். ஒன்றையே போட்டுச் சாத்தினால் பாறை கோபித்துக்கொண்டு ஓரமாகச் சில்லு தெறிக்கும். மேஸ்திரியும் சட்டையைக் கழற்றினான். தையல்காரர் தண்ணீர்க் குடத்தோடு நின்று, "இது தைக்கிற வேலைதான், பிரிக்கிற பக்கமா" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் சரிந்தது. அவள் முதுகு எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள். நான்கு அடிக்கு ஒரு தடவை மேலே பார்த்தாள். இடுக்கில் அந்தக் கல் நிறம் அப்படியே இருந்தது. அசையவில்லை. கல்லேதானோ என்று ஒரு தடவை தோன்றியது. மறுபடி அடித்தாள்.

மாலை வெயில் மஞ்சளானபோது ஆப்புகளின் சத்தம் மாறியது. இதுவரை டங் டங் என்று துள்ளியது, இப்போது தொண்டை கட்டியதுபோல் உள்ளே போனது. வெடிக்காரர் கையைத் தூக்கினார். எல்லாரும் தள்ளி நின்றார்கள். "நீ அடி" என்றார் அவளிடம்.

நடு ஆப்பில் ஒன்று போட்டாள். இன்னொன்று போட்டாள். பாறை பெரிதாகச் சத்தம் போடவில்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு நீளமான சத்தம், அவ்வளவுதான். தலையிலிருந்து அடிவரை ஒரு கோடு ஓடியது.

அதே நேரம் மேலே தாய் ஆடு குரல் கொடுத்தது. புல்வெளி விளிம்பில் வந்து நின்று இறங்கப் பார்த்தது. திட்டின் இடுக்கில் கல் நிறம் ஒன்று நான்கு கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி, நடுங்கி, எழுந்து நின்றது.

"ஆத்தாடி!" என்றான் மேஸ்திரி. வளைவிலிருந்து கார்டம்மா சிவப்பையும் பச்சையையும் சேர்த்து ஆட்டினாள். தையல்காரர், குழாய் தூரத்தில் இருக்கிறது என்பதை மறந்து வெறுங்கண்ணால் தேடி, "எங்கே, எங்கே?" என்று தவித்தார். தாய் கல் கல்லாகத் தாவித் திட்டுக்கு இறங்கியதும், குட்டி அதன் வயிற்றுக்கடியில் தலையால் முட்டியது.

கரடியக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது பாத்தீங்களா?"

அவர் மேலே பார்க்கவில்லை. பிளவின் முன் மண்டியிட்டு, வெட்டுமுகத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார். "டேய், எல்லாரும் இங்க வந்து பாருங்கடா. எவ்வளவு நேரா பொளந்திருக்கா பாரு."