காலி வீட்டுச் சாவு

"நீ காலைப் பிடி. நான் தோளைத் தூக்குறேன்," என்றான் அண்ணன்.

அவள் பிடிக்கவில்லை. அப்பா முன்னறைச் சுவரில் சாய்ந்திருந்தார். கதவில், பழைய பூட்டைக் கழற்றிய இடத்தில் ஓட்டை. புதுப் பூட்டு அவர் மடியில் கிடந்தது. டீ வாங்கப் போன அண்ணன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குடித்தனக்காரர்கள் நேற்றுதான் காலி செய்தார்கள். ஒரு வீடு காலியானால் மறுநாள் காலையே அப்பா ஆஜர். பூட்டை மாற்றுவார், தண்ணீரை அடைப்பார், ஜன்னல்களை உள்ளிருந்து கம்பி போட்டுக் கட்டுவார். கடைசியில் தன் பழைய செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருவார். உள்ளே ஆள் இருப்பதாகத் திருடன் நினைக்க வேண்டுமாம். ஊரார் வீட்டையெல்லாம் பத்திரம் பண்ணியவர். சொந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது.

"ஆட்டோ நிக்குது. உடம்பு முடியலன்னு சொல்லி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிடலாம். வீட்டுக்குப் போய் டாக்டரைக் கூப்பிட்டுக்கலாம்."

"யார் குடுத்த யோசனை?"

அண்ணன் வாசலைப் பார்த்தான். வீட்டுக்காரம்மா படியோடு நின்றிருந்தாள். தன் வீட்டுக்குள் தானே கால் வைக்கவில்லை.

"கோவிச்சுக்காதம்மா. இங்கதான் செத்தாருன்னு தெரிஞ்சா இனி எவன் குடிவருவான்? உங்கப்பா இருந்தா அவரே இதைத்தான் சொல்லுவாரு."

சொல்லுவார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். சொல்வதென்ன, முடிந்தால் செத்த பிறகும் தானே எழுந்துபோய் ஆட்டோவில் ஏறிக்கொள்வார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "அவங்க வீடு எல்லாத்தையும் இனி என்னையே பாத்துக்கச் சொல்றாங்க. நீ படிச்சவ, உனக்கு ஆபீஸ் இருக்கு. எனக்கு என்ன இருக்கு, சொல்லு."

பட்டம் வாங்கியதிலிருந்து இதே கதை. 'நீ படிச்சவ' என்று சொல்லியே வாயை அடைத்துவிடுவார்கள்.

அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் நகக்கண்ணில் மரத்தூள் இருந்தது. தலையை நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் அது தோளில் சரிந்தது.

"ஆட்டோல தலையை யாரு பிடிச்சுக்கிறது?"

"என்ன?"

"வழியெல்லாம். சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரன் பார்ப்பான் இல்ல? அப்போ யாரு பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறது? நீயா, நானா?"

அண்ணன் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் போனை எடுத்தாள். "டாக்டர், எங்கப்பா இறந்துட்டாரு. வீட்டுல இல்ல. வேலை செஞ்சுக்கிட்டிருந்த இடத்துல." விலாசத்தைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"படிச்ச திமிரு," என்றாள் வீட்டுக்காரம்மா. செருப்பைத் தேய்த்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "யாரும்மா அது?"

"எங்கப்பா. பூட்டு மாத்திக்கிட்டிருந்தாரு. இங்கயே போயிட்டாரு."

அந்தப் பெண் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். "டாக்டர் வந்தா உட்காரக்கூட அங்க ஒண்ணுமில்லையே," என்று உள்ளே போனவள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மதிலுக்கு மேலே நீட்டினாள்.

தங்கை எழுந்திருப்பதற்குள் அண்ணன் போய் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அதன் காலில் ஒட்டியிருந்த ஈரமண்ணைத் தன் சட்டையால் துடைத்தான். உள்ளே கொண்டுவந்தவன், எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றான்.