நான்கு முழுக்கு

சவூதா நக்கிபுக்காவுக்கு நான்காம் முறை ஞானஸ்நானம் கொடுத்தபோதும் தண்ணீர் அவள்மேல் ஒட்டவில்லை. இது நடந்தது மசாக்கா சாலையில், குன்றின் மேலிருக்கும் எங்கள் ஊர்த் தனியார் விடுதிப் பள்ளியில், வாழைத்தார் விலை பாதாளத்துக்கு இறங்கிய வருடம். முழுக்குக் கொடுக்கவென்றே கம்பாலாவிலிருந்து வந்த பாஸ்டரின் கோட்டும் டையும் நனைந்தன. சாட்சிக்கு நின்ற இரண்டு ஆசிரியைகள் தொப்பலாக நனைந்தார்கள். சவூதா தொட்டியிலிருந்து ஏறியபோது அவளுடைய வெள்ளை அங்கியின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

அவள் முஸ்லிம் வீட்டுப் பெண். அவள் அப்பா த்வாஹா காப்பிக்கொட்டை வியாபாரி. பள்ளியின் ரிசல்ட்டில் மயங்கி, "பாட்டுப் பாடச் சொல்லுவாங்க, பாடிட்டு வா, வாய் என்ன தேஞ்சா போயிரும்" என்று கொண்டுவந்து விட்டார். பாட்டோடு நின்றிருந்தால் தேவலை. அங்கே தினமும் விடிகாலை நாலரை மணிக்கு ஜெபத்துக்கு மணி அடிப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் இரட்சிக்கப்பட்டவர்கள் வலது பக்கம் நிற்க வேண்டும், மற்றவர்கள் இடது பக்கம். வலது பக்கம் சாப்பிடப் போகும், இடது பக்கத்துக்கு மறுபடி பிரசங்கம். முதல் வருடம் இடது பக்கம் நாற்பது பேர் இருந்தார்கள், அடுத்த வருடம் ஒன்பது பேர், நான்காம் வருடம் சவூதா மட்டும். அவள் ஒருத்திக்காகப் பள்ளிப் பாஸ்டர் லுத்வாமா மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசுவார். அதற்குள் சோளக்களி இறுகிக் கல்லாகிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அவள் கையைத் தூக்கினாள். கர்த்தர் அவளைத் தொட்டார் என்று பள்ளி நோட்டில் எழுதினார்கள். அவளுக்குப் பசி, அவ்வளவுதான்.

முதல் முழுக்கு சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த தொட்டியில் நடந்தது. காய்ந்தபடியே எழுந்து வந்தவளைப் பார்த்து, மனம் திரும்பவில்லை என்றார் லுத்வாமா. மூன்று நாள் பட்டினி போட்டு இரண்டாம் முழுக்கு. வேனில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரியில் மூன்றாவது. நான்காவதும் பலிக்காமல் போகவே, நனையாத பிள்ளையின் பெயரை அரசுப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெயர் கொடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. படிப்பில் அவள் கெட்டி, நான்கு வருடமாக அந்தப் பரீட்சை ஒன்றுக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்திருந்தாள். பாவம்.

த்வாஹா வந்து கூட்டிப்போனார். நேராகப் பள்ளிவாசல் குழாயடியில் நிறுத்தி, தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளுவைச் செய்யச் சொன்னார். அந்தத் தண்ணீரும் ஒட்டவில்லை, முழங்கையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது.

"அங்க போயி என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. எனக்குத் தூக்கம் வருது."

பள்ளிவாசல் ஷேக் இஸ்லாத்தின் உறுதிமொழியான கலிமாவைச் சொல்லிக்கொடுத்தார், அவள் சொன்னாள். மறு வெள்ளியும் சொன்னாள். யார் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடும் நிலைக்கு வந்திருந்தாள். கை நனைகிற வரைக்கும் பள்ளிக்கூடப் பேச்சே வேண்டாம் என்றார் த்வாஹா. அதிகாலைத் தொழுகைக்கு அவரே எழுப்பினார். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது.

மூன்றாம் வாரம் அவள் அம்மா ஸுபேதா கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, சந்தைக்குப் பின்னாலிருந்த தகரக்கூரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியை கெவினா வெள்ளரி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸுபேதா சுற்றி வளைக்கவில்லை.

"இவ மேல தண்ணி ஒட்டாது டீச்சர். ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. பரீட்சைக்கு அது வேணுமா?"

கெவினா யோசித்தாள். "கணக்கு வருமா?"

"நல்லா வரும்."

"அப்ப இன்னிக்கே பேரைக் குடுத்துரலாம். நாளைக்குத்தான் கடைசி. இப்படி உக்காருங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் ஸுபேதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கெவினா விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது சவூதா முற்றத்து பெஞ்சில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்கள். ஸுபேதா பதறி எழுந்தாள்.

"எழுப்பிட்டு வந்துர்றேன் டீச்சர்."

கெவினா எழுதுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"தூங்கட்டும் விடுங்கம்மா. நனையவா போறா."