பொலிகிடாவுக்குத் தெளித்த தீர்த்தம்

பாதர் சவரிநாதன் ஆட்டுக்குத் தீர்த்தம் தெளித்ததில் ஜக்கம்மாளுக்கு ஒரு குறையுமில்லை. ஆடு உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கியதுதான் வினையாகிவிட்டது.

எழுபத்தெட்டாம் வருசம் அது. போடிப் பங்குக் கோயிலில் தவக்காலத்து உண்டியல் பணத்தில், குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் ஐந்து பெண்களுக்கு ஆளுக்கொரு பெட்டையாடு கொடுத்தார்கள். ஐந்துக்கும் பொதுவாக ஒரு பொலிகிடா. அதை வளர்க்கும் பொறுப்பு, முன்பு அவர்களோடு கூலிக்குப் போய்வந்த ஜக்கம்மாளுக்கு. முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போனவளுக்கு இனிமேல் கஞ்சி ஊற்றப்போவது, அந்தக் கிடாவை ஊர்ப் பெட்டைகளோடு சேர்த்துவிடும் கூலிதான். அவர்களில் கிறிஸ்தவ வேதக்காரர் யாருமில்லை. பாதரும் அதைக் கேட்கவில்லை. ஜெபம் சொன்னார், தெளித்தார். கிடா காதிலிருந்து வால்வரை துலுக்கியது.

அந்தப் பக்கத்தில் தண்ணீர் தெளித்துக் கிடா துலுக்கினால் ஒரே அர்த்தம்தான். தெய்வம் உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம்.

"மதினி, துலுக்கிருச்சு! வெட்டாம விட்டா தெய்வக்குத்தம்" என்றான் கொழுந்தன் ஒச்சப்பன். "நான் போயி அருவாளத் தீட்டுறேன்."

"ஒனக்கு நாக்குல்ல துலுக்குது. போயி சோலியப் பாருய்யா."

"நானா சொல்றேன்? ஊரு சொல்லுது."

ஊரும் சொன்னது. ஊர் கறி தின்று நாலு மாசமாகியிருந்தது.

ஜக்கம்மாள் கிடாவை இழுத்துக்கொண்டு போய் பாதரின் ஜீப்பை மறித்தாள். விசயத்தைக் கேட்டு அவர் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார். "ஐயையோ, நல்லா இருக்கட்டும்னுதானம்மா தெளிச்சேன்!"

"அது ஒங்களுக்குத் தெரியும் சாமி, கிடாவுக்குத் தெரியுமா?" என்றான் பின்னாலேயே வந்த ஒச்சப்பன்.

ஊர்க்கோயில் பூசாரி பெரியகருப்பன்தான் வழி சொன்னார். "மாத்துக்கு ஒரு சேவல் குடுத்தா கிடாவ விட்டுரலாம்."

பாதர் தலையைச் சொறிந்தார். "ஒங்க கோயிலுக்குன்னு நான் தரக்கூடாதுய்யா. ஒச்சப்பன் பசிக்குதுன்னு கேட்டா, அவனுக்குத் தர்றேன்."

"பசிக்குது சாமி" என்றான் ஒச்சப்பன், அவர் சொன்ன வாய் மூடுவதற்குள்.

மறுநாள் ஜீப்பில் சேவல் வந்து இறங்கியது. பங்குக் கோயில் பின்கட்டில் வளர்ந்தது. பூசாரி ஒரு கை தண்ணீர் தெளித்தார். சேவல் அவரைப் பார்த்தது. ஒரு செம்பு ஊற்றினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டது. ஒச்சப்பன் குடத்தோடு வந்து கவிழ்த்தான். கொண்டையிலிருந்து சொட்டச் சொட்ட, கீழே கிடந்த அரிசியைக் கொத்தப் போனது.

வெயில் சாய்ந்தது. ஒச்சப்பன் சேவலுக்கு முன்னால் குந்தி, கையெடுத்துக் கும்பிட்டான். "அப்பு, ஒரே ஒரு தரம். லேசாப் போதும்."

ஜக்கம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாதர் தெனம் தெளிக்கிற தீர்த்தத்துலயே நனைஞ்சு வளந்த சேவலுய்யா. ஒன் குடத்துக்கா அசரும்?"

துலுக்காததை வெட்டினால் அது இன்னும் பெரிய குத்தம். முழங்கைவரை நனைந்திருந்த பூசாரி செம்பைக் கீழே வைத்தார்.

"பெரியய்யா," என்றாள் ஜக்கம்மாள், "மாத்து வேணாம்னு தெய்வம் சொல்லிருச்சு. அப்ப கிடாவுக்குக் கணக்கு?"

பூசாரிக்குப் பசி வேறு. "அதுவும் வேணாம்னுதான் ஆத்தா அர்த்தம். கூட்டிட்டுப் போ."

"அப்ப என் சேவலு?" என்றான் ஒச்சப்பன்.

"எங்கிட்ட மூணு பொட்டக்கோழி இருக்கு. சேவலு அங்க இருக்கட்டும். முட்டைக்கு வா."

ஒரு கையில் கயிறும் கக்கத்தில் ஈரச் சேவலுமாக, முழங்காலைத் தாங்கித் தாங்கி அவள் வீடு வந்தபோது, ஆடு வாங்கிய ஐவரில் ஒருத்தியான பொன்னுமணி, பருவத்துக்குக் கத்தும் தன் பெட்டையாட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வெரசா கிடாவ அவுத்து விடு மதினி. ஒச்சப்பண்ணனுக்கு மறுபடி பசிச்சுறப் போகுது."